நெற்றி உயரத்தில் அளந்த மரங்கள்

மண்மேட்டில் வளர்ந்த காட்டுக்கு டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். சுரங்கம் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மேடாக்கி, மேட்டின் மேல் மரம் வைத்து, மரங்களுக்கு நடுவே ஏரி வெட்டி, ஏரியில் சுரங்கத்துத் தண்ணீரையே விட்டிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த பறவைகள் அதை நிஜ ஏரி என்று நம்பி இறங்கின. நானும் நம்பினேன். நம்புகிற விஷயத்தில் எனக்கும் பறவைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

ஏரிக்கரையில் ஓடு போட்ட ஒரு சின்னக் கூடம். வாசலில் இயற்கை மையம் என்று பலகை. உள்ளே பாட்டிலில் பாம்பு, கண்ணாடிக்குள் கூடு, பொத்தானை அமுக்கினால் குயில் கூவும் ஒரு படம். பொத்தான் இருந்தது, குயில் எப்போதோ போய்விட்டிருந்தது. யாராவது சின்னப் பிள்ளை வந்து அமுக்கினால் என் மகள் தூணுக்குப் பின்னால் நின்று கூவுவாள். பிள்ளை சந்தோஷமாகப் போகும். அப்போது அவளுக்குப் பத்து வயது. எனக்கு நாற்பத்து மூன்று. ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்குவதற்குள் வாசலுக்கும் கொல்லைப்புறத்துக்கும் இரண்டு நடை போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குவார்ட்டர்ஸுக்குள் இருந்தால் சுவரில் முட்டிக்கொள்வேன் போலிருக்கும். அதனால்தான் இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், ஒரு வருஷத்துக்கும் மேலாக, ஞாயிறுதோறும் அவளை அழைத்துக்கொண்டு அந்த மேட்டுக்குப் போனேன்.

என் கணவர் வரமாட்டார். அவருக்குச் சுரங்கத்தின் சர்வே பிரிவில் வேலை. வாரம் முழுக்க வெயிலில் நின்று நிலத்தைக் கோடாகவும் எண்ணாகவும் மாற்றுகிறவர். ஞாயிறு ஒருநாள் ஃபேன் காற்று அவருக்கு வேண்டும். எங்கே போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதும் கிடையாது. அதை நான் குறையாக நினைத்திருந்தேன். கேட்காமல் இருந்த அந்த ஞாயிறுகளை இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

எங்கள் டவுன்ஷிப்பில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வட்டம் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்புப் பகுதிக்கு, வீட்டுக்கு, விளக்குக் கம்பத்துக்கு, தெருவோர மரத்துக்கு. பூவரசின் இடுப்பில் வெள்ளையடித்து எண் எழுதியிருப்பார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு எண் என்றால் பயமில்லை. எண் போட்டிருந்தால் அது யாருக்கோ வேண்டியது, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். எண் இல்லாத நாயைத்தான் வண்டி வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று என் மகள் சொல்வாள். இயற்கை மையத்திலும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. மேட்டில் உள்ள மரங்களில் ஆளுக்கொன்றாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம், எண்ணைச் சொல்லி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். இவள் ஒரு வாகையை எடுத்துக்கொண்டாள். போனவுடன் அதைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் மற்றது.

அந்த மரங்களுக்குத் தண்ணீர் விடுகிற பெண்ணைப் பிள்ளைகள் தண்ணியக்கா என்று கூப்பிட்டார்கள். முப்பது வயது இருக்கும். காண்ட்ராக்ட் ஆள். சேலைக்கு மேல் பச்சைக் கோட்டு, தோளில் மலைப்பாம்பு மாதிரி சுருட்டிய ரப்பர் குழாய்.

"இன்னாடி பாப்பா, போன வாரம் வரல? ஒன் மரம் ஒன்னியத் தேடிக்கினு இருந்துச்சி."

"ஜுரம்க்கா. மரம் எப்படித் தேடும்?"

"எலை எலையா உதுத்துச்சே. நான்தான பெருக்குனேன்."

என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "மரத்துக்கெல்லாம் நம்பரு போட்டுட்டாங்க மேடம். எனக்குத்தான் இன்னும் போடல. எட்டு வருசமா நானும் இங்கதான் நட்டு வச்ச மாதிரி நிக்கிறேன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நம்பர் வந்தால் பர்மனென்ட் என்று அர்த்தம். அது வராது என்பதும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

அவளுக்கும் ஒரு மகள், என் மகள் வயதே. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக விட முடியாமல் அழைத்து வந்துவிடுவாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. நான்கைந்து மாதத்தில் மேடம் போய் நான் அக்கா ஆனேன். என் டிபன் பாக்ஸில் பாதி அவளுக்கு, அவள் தூக்கில் பாதி எனக்கு. கருவாட்டுக் குழம்பை ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அது வேறு ருசி. அவள் பேசப் பேச, உட்காரத் தெரியாத நான் உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு, கேட்டில் பூட்டு. கரை சரிந்திருக்கிறது, பராமரிப்பு வேலை, மறு அறிவிப்பு வரும்வரை அனுமதி இல்லை. என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளிருந்து குழாயை இழுத்துக்கொண்டு வந்த தண்ணியக்கா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாத. அடுத்த வாரத்துலேந்து ஞாயித்திக்கெழம எனக்கு லீவு. எங்க கொல்லைக்கு வா. டிக்கெட்டு கெடையாது. மயிலு வரும், கீரி வரும், கெணத்துமேல பூரா தூக்கணாங்குருவி கூடு. இங்க இருக்கிற மாதிரி கண்ணாடிக்குள்ள இல்ல, நெசமாவே தொங்கிக்கினு இருக்கும். கூப்ட்டுக்கினு வாங்கக்கா."

அவள் ஊர் டவுன்ஷிப் வேலிக்கு அப்பால், பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தம். அங்கே அவர்களுக்கு அரைக் காணி நிலம், அதைத்தான் கொல்லை என்றாள். மூன்று தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த குடும்பத்தில் அவள் மாமனார் முதன்முதலாக வாங்கியது. முந்திரி, பலா, பனை, வேம்பு, நடுவில் கிணறு. அந்த நிலத்தையும் எடுத்துக்கொண்டு சுரங்கம் வரப்போகிறது என்ற பேச்சு ஊரில் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது: நஷ்டஈட்டுக் கணக்குக்காக நிலத்தை அளக்க, மரங்களை எண்ண வருகிறவர்களை யாரும் தன் நிலத்தில் இறங்க விடக்கூடாது. ஒருத்தர் விட்டால் ஊரே விட்டது போல. இரண்டு முறை வந்த ஜீப்பைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த ஜீப்பில் என் கணவர் இருந்தார்.

அதை மறைத்துக்கொண்டு போக எனக்கு மனசில்லை. கேட் கம்பியின் இந்தப் பக்கம் நின்றே சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் சர்வேதான். உனக்குத் தொந்தரவாயிடப் போகுது."

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவரா வராரு? நீங்கதான வரீங்க. கொழந்ததான வருது."

அப்படித்தான் அந்தக் கொல்லை எங்கள் இயற்கை மையம் ஆனது. முதல் வாரம் இரண்டு சிறுமிகளும் கிணற்று மேட்டில் குப்புறப் படுத்து, மஞ்சள் தலைக் குருவி நாரைக் கிழித்து முடிச்சுப் போடுவதை ஒரு மணி நேரம் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் கயிறு கட்டிக் கேட் வைத்தார்கள். புளியங்கொட்டைதான் டிக்கெட். மூன்றாவது வாரம் என் மகள் இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்துச் சொன்னாள்: "இங்க எல்லாம் சரியா இருக்கு. மரத்துக்குத்தான் நம்பரே இல்ல. பாவம்."

தண்ணியக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுதிக்கிங்கடி. எனக்குத்தான் வரல, எங்க மாமனாரு நட்ட மரத்துக்காச்சும் நம்பரு வரட்டும்."

வீட்டில் மகள் அப்பாவிடம் பெயிண்ட் கேட்டாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை மரம் இருக்கும்? என்னென்ன மரம்? கிணறு எந்த ஓரத்தில்? அவர் கேட்கக் கேட்க அவள் கை விரித்து, கால் எட்டிப்போட்டு, அந்தக் கொல்லை முழுவதையும் எங்கள் ஹாலில் நடந்து காட்டினாள். மறுநாளே அரை டப்பா வெள்ளைப் பெயிண்ட், பிரஷ், ஒரு டேப்.

"சும்மா நம்பர் போட்டா போதுமா பாப்பா? சுத்தளவும் எழுது. உன் நெத்தி உயரத்துல டேப்பச் சுத்து. எல்லா மரத்துக்கும் அதே உயரம். ஏறாத, இறங்காத."

"ஏன்ப்பா நெத்தி?"

"அப்பத்தான் எல்லா மரத்துக்கும் ஒரே நியாயம்."

வாசலில் நின்று அதைக் கேட்டேன். ஒரு தகப்பன் தன் மகளுக்கு மரத்தை அறிமுகப்படுத்துகிறான் என்று என் மனம் உடனே வரி வரியாக அதை அடுக்கத் தொடங்கியது. கதை எழுதுகிறவளின் கெட்ட பழக்கம் அது. எதையும் அழகாக்கிவிட்டுத்தான் பார்ப்பேன். வளர்ந்த ஆளுக்கு நெஞ்சு எந்த உயரமோ அந்த உயரத்தில்தான் மரத்தின் சுற்றை அளந்து அரசாங்கக் காகிதத்தில் எழுதுவார்கள், பத்து வயதுப் பெண்ணுக்கு அது நெற்றி என்பதைக் கணக்குப் பண்ணியே அவர் சொன்னார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த இரண்டு ஞாயிறுகளில் வேலை முடிந்தது. ஒருத்தி டேப் பிடிப்பாள், ஒருத்தி எழுதுவாள். என் மகளுக்குக் கிணற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இடமிருந்து வலம் கிடையாது, பிடித்த மரம் முதலில். பதினோராவதாக ஒரு பலாவின் அடிக்கட்டை வந்தது. முந்தைய வருஷம் வெட்டியது, ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு துளிர். அதற்கும் எண் வேண்டும் என்றாள் தண்ணியக்கா மகள். எழுதினார்கள்: "11. பலா. வெட்டின அடி. ஒரு துளிர் விட்டிருக்கு. பாவம், அளக்கவில்லை." மொத்தம் இருபத்து மூன்று. வரப்பில் போன ஒரு பெரியவர் நின்று, "இன்னாம்மா இது, நம்பரெல்லாம் போட்டு வச்சிருக்குது?" என்றார். "கொழந்தைங்க வெளையாட்டுங்க மாமா," என்றாள் அவள். அவர் இன்னொரு தரம் மரங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, காபி ஆறிக்கொண்டிருக்க, என் கணவர் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக போனில் படம் எடுத்தார்.

"எதுக்குங்க?"

"எம் பொண்ணு எழுதினது. ஆபீஸ்ல காட்ட வேணாமா?"

பூரித்துப்போனேன். அன்றைக்கு அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். இதை எழுதும்போதுகூட அந்தக் குழம்பு என் நாக்கில் கசக்கிறது.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் தண்ணியக்கா எங்கள் குவார்ட்டர்ஸ் கேட்டில் நின்றாள். பச்சைக் கோட்டோடு, வேலையிலிருந்து நேராக. அதுவரை எத்தனை கூப்பிட்டும் அவள் வந்ததில்லை.

"மேடம்," என்றாள்.

அந்த ஒரு சொல்லிலேயே என் கை கேட்டின் கொக்கியில் நின்றுவிட்டது.

"முந்தாநேத்து ஜீப்பு வந்துச்சி. கொல்லையில எறங்கல, ரோட்டு மேலயே நின்னுக்கினு பேப்பர நீட்டறாங்க. எல்லாருது பேப்பரும் காலியா இருக்குது. எங்களுது மட்டும் நெறஞ்சி இருக்குது. கையெழுத்துதான் பாக்கின்றாங்க." அவள் கொழுந்தன் போனில் பிடித்த படத்தைக் காட்டினாள். சுத்தமான டைப் எழுத்தில் வரிசையாக மரங்கள், பக்கத்தில் சுற்றளவு. கிணற்றிலிருந்து தொடங்கி, பிடித்த மரம் முதலில் என்ற அதே வரிசை. எந்த சர்வேயரும் அப்படி நடக்கமாட்டார். பதினோராவது வரியில் விரலை வைத்தாள். பலா, அடிக்கட்டை, துளிர் ஒன்று. பாவம் என்பதை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"எம் பொண்ணு பாத்துட்டு, யம்மா இது நாங்க எழுதுனதுன்னு குதிக்கிது. சந்தோசமா. அதுக்கு இன்னா தெரியும்?" அவள் குரல் ஏறவே இல்லை. "தெரிஞ்சிதான் கூப்ட்டுக்கினு வந்தீங்களா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு நான் நம்பறேன். ஊரு நம்பாது. காண்ட்ராக்ட்ல இருக்கிறவ பர்மனென்ட் ஆவறதுக்கு ஊர வித்துட்டாளாம். கொழாயடிக்குப் போனா ஆளாளுக்குக் கொடத்த நவுத்தி வச்சிக்கிறாங்க. எம் மாமனாரு ரெண்டு நாளா வெளியவே வரல. நாளைக்கி சாயங்காலம் கூட்டம். நீங்க வந்து சொல்லணும். யாரு எழுதுனது, யாரு எடுத்துக்கினு போனதுன்னு. நான் சொன்னா எடுபடாது."

உள்ளே வா என்றேன். வரவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை.

அன்று மாலை அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன். மறுக்கவில்லை. அதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

"யாரும் சொல்லிச் செய்யல. நானாத்தான் எழுதிக் குடுத்தேன். ரெண்டு தடவ போயி வெறுங்கையோட வந்தாச்சு. ஒரு நிலமாவது முடிஞ்சிருக்குன்னு காட்டணும். இப்ப என்ன ஆயிடுச்சு? மரம் அங்கதானே நிக்கிது? நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

"குழந்தைகிட்டேர்ந்து திருடியிருக்கீங்க."

"பெரிய வார்த்தையெல்லாம் எழுதறதோட வச்சுக்கோ. சண்டையில்லாம, போலீஸ் இல்லாம முடிஞ்சிருக்கு. நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

"அவங்க உள்ள விட்டது உங்கள இல்ல."

"அதான் நீங்க போனீங்களே." சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். கதவருகில் நின்று திரும்பினார். "நாளைக்கு நீ அங்க போயி நின்னா, ஆபீஸ்ல எம் பேரு போயிடும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். பதினைந்து வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவருடைய பெயர் ஒரு பக்கம். ஏரிக்கரையில் ஒரு வருஷம் தூக்கில் பாதி கொடுத்தவளுடைய பெயர் மறுபக்கம். அவர் பெயர் ஆபீஸில் போனால் ஒரு மெமோ. அவள் பெயர் ஊரில் போனால் குழாயடி இல்லை, மாரியம்மன் கோயில் வாசல் இல்லை, நாளை மகள் கல்யாணத்துக்கு ஆள் இல்லை. ஆனால் அந்தக் கணக்கெல்லாம் பிறகு போட்டது. உண்மையைச் சொன்னால், அதான் நீங்க போனீங்களே என்றாரே, அந்த இடத்தில்தான் நான் முடிவெடுத்தேன்.

மகளை விட்டுவிட்டுத்தான் போகப் பார்த்தேன். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறிவிட்டாள்.

ரேஷன் கடை முன்னால் கூட்டம். ஆண்கள் நின்றார்கள், பெண்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். தண்ணியக்காவைச் சுற்றி மட்டும் இரண்டு ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. நான் எழுந்து சொன்னேன். எழுதியது குழந்தைகள். படம் எடுத்தது என் கணவர். கொடுத்ததும் அவர். இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது.

பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான்: "ஒங்க வூட்டுக்காரரு செய்வாரு, ஒங்களுக்குத் தெரியாதா? ஒரே வூட்லதான இருக்கீங்க?"

சிரிப்பு எழுந்தது. "இல்ல, வட்டம் வேற வேறயோ என்னமோ," என்று இன்னொருவர் சேர்த்தார். சிரிப்பு பெரிதானது.

"எனக்குத் தெரியாது," என்றேன். கல்யாணமான ஒருத்தி அத்தனை பேர் முன்னால் சொல்லக்கூடிய வெட்கங்கெட்ட வாக்கியம் அதுதான் என்று நிற்கும்போதே தெரிந்தது.

என் மகள் நோட்டைத் திறந்து அவளாகவே படிக்க ஆரம்பித்தாள். ஒன்று, வேம்பு, கிணற்றுக்குப் பக்கத்தில், கூடு ஆறு. இரண்டு, பனை, ரொம்ப உயரம், கழுத்து வலிக்குது. பதினொன்றுக்கு வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. வரப்பில் அன்று நின்ற பெரியவர் நோட்டை வாங்கி, போனில் இருந்த படத்தோடு வரி வரியாகப் பொருத்திப் பார்த்தார். "அந்தப் பொண்ணு மேல தப்பில்லப்பா," என்றார். "புள்ளைங்க எழுதுனதுதான். நானும் அன்னிக்கே கேட்டேன், வெளையாட்டுன்னுச்சி." அந்தப் பேப்பரில் யாரும் கையெழுத்து வைப்பதில்லை என்று முடிவானது. பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி நகர்ந்து வந்து தண்ணியக்காவின் அருகில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அதற்காகத்தான் வந்தேன்.

பஸ் நிறுத்தம்வரை அவள் எங்களோடு வந்தாள். அவள் மகள் வரவில்லை. வீட்டு வாசலிலேயே பாட்டி கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"வந்ததுக்கு சந்தோசம் மேடம்," என்றாள். பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தபோது, "இனிமே வராதீங்க," என்றாள்.

"கொல்லைக்கா?"

"கொல்லைக்கும்தான். மேட்டுல பாத்தாலும் பேசாதீங்க. நான் பேசினா மறுபடியும் ஆரம்பிக்கும்." என் மகள் தலையில் கைவைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள். "நீ நல்லா படிடி."

வீட்டுக்கு வந்தபோது அவருக்கு விஷயம் போன் வழியாக வந்து சேர்ந்திருந்தது. சாப்பிட உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"காட்டிக் குடுத்துட்ட இல்ல?"

நான் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் எடுத்துக்கொண்டார். மகள்தான் நோட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை.

"என்னக் கேட்டிருக்கலாம்ல அப்பா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவர் முகத்தில் அதைப் பார்த்தேன். "உன்ன எதுக்குக் கேக்கணும்? நீ எம் பொண்ணுதானே?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அதே பார்வைதான். தன் அறைக்குப் போனாள். எங்கள் வீட்டில் அந்த அறையை யாரும் உள்ளிருந்து தாழிட்டதில்லை. தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. உள்ளே அவள் அதைத் தள்ளுவது கேட்டது. ஒரு முறை, இரண்டு முறை, கொஞ்சம் நிறுத்தி, இரண்டு கையாலும் போலிருக்கிறது, மறுபடி. நாங்கள் இருவரும் ஹாலில் நின்று, அது விழும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.